அரசப்பன் சாருக்கு ஒரு மாலை

மாலை கழுத்தில் விழுந்ததும் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மோனிகாவுக்கு மனசு என்னவோ போலானது. முப்பத்தெட்டு வருஷம் மெஷினோடு மாரடித்தவர், பிரிவு என்றால் சும்மாவா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்த ஃபேக்டரிக்கு அவள் ஹெச்.ஆராக வந்து நாலே நாள்தான் ஆகிறது. முதல் நாளே ஜி.எம். பெயரைத் தப்பாக அச்சடித்து, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக் கூனிக் குறுகிப்போனாள். அரசப்பனின் பணி ஓய்வு விழாவிலாவது பிசகு வரக் கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தாள். ஃபைலில் இருந்த போட்டோவோ அரும்பு மீசைக் காலத்தது.

"அரசப்பன் சார், மேடைக்கு வாங்க!" என்றதும் மெஷின் ஷாப் வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் கையில் மடித்த காகிதம். மூன்று படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நரைத்த தலை, தொங்கிய கன்னம். நாலு நாளாக கேட் டீக்கடையில் அவள் பார்க்கும் முகம்தான், ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட்.

கூட வந்தவர் எளாவூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். காலையில் நாற்காலிகளை எல்லாம் தூக்கிப் போட்டவரும் அவர்தான். பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "அம்மா..." என்று வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம்ணா" என்று அவரை ஒதுக்கிவிட்டுத்தான் மோனிகா மாலையைப் போட்டிருந்தாள்.

"மேடம், நா வந்து..." என்று ஆரம்பித்த பெரியவரை இருமல் விடவில்லை.

அவளுக்குப் பாவமாக இருந்தது. "நைட் ஷிஃப்ட், டீ, சிகரெட், புரோட்டான்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டீங்களே சார்! இனிமேலாவது பேரப் பசங்களோட நிம்மதியா இருங்க. எத்தனை பேர்?"

"பாப்பா ஒண்ணுதான் மேடம். மூணாவது படிக்குது." சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போய்விட்டது. மாலையைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. மோனிகாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெரியவரைப் பாத்து சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் ஜி.எம். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என்ன தப்பு என்று தெரியாமலே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அண்ணா, சாரை உக்கார வைங்க" என்றாள் சைக்கிள்காரரிடம், அவசரமாக.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாலையோடு நின்றவரின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு மைக்கில் கேட்காதபடி அவள் பக்கம் குனிந்தார்.

"அரசப்பன் நான்தாம்மா. வாழ்த்து படிக்க வந்த இவன் எங்கிட்ட அப்ரண்டிசா வேல கத்துக்கின பையன்."