நாக்குப் பரீட்சை

"நாக்கில் வைத்ததும் வெண்ணெய்போல் கரையும். கடல் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்" என்று சூரை மீனின் வயிற்றுத் துண்டைப் பற்றி எழுதியிருந்தான் கோபிநாத். எழுதியவனுக்கு அதைப் பச்சையாகக் கண்ணால் காணும் பாக்கியம் இன்றைக்குத்தான் வாய்த்தது. தெர்மாகோல் பெட்டிக்குள், பனிக்கட்டி மேல், சிவப்பாகப் படுத்திருந்தது.

பெட்டியைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தவர் முத்தரசு. நாச்சியாபுரத்துக்காரர். ஆறு வருடம் ஒசாகாவில் இருந்துவிட்டு வந்து, மதுரையில் ஜப்பான் சாப்பாட்டு ஓட்டல் திறக்கப் போகிறார். எந்தப் பதார்த்தம் என்ன, எதை எதில் தொட்டு எப்படிச் சாப்பிடுவது என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு மொபைல் செயலி வேண்டும். அதைத்தான் கோபிநாத் நாலு மாதமாகக் காரைக்குடி வீட்டு மாடியில் உட்கார்ந்து வடிவமைத்திருந்தான்.

அதற்காகச் சென்னை வேலையையும் விட்டிருந்தான். முத்தரசு சரி என்றால் அவன் ஒரு கம்பெனி முதலாளி. இல்லையென்றால் மாமனார் வீரையாவின் சிங்கம்புணரி அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. மாமனார் நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டதாகக் கேள்வி.

செயலியில் எல்லாம் இருந்தது. நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் இருந்தது. வசாபி என்ற பச்சைநிறக் காரவிழுதைத் தொட்டால், 'கொத்தமல்லித் துவையல் என்று ஏமாந்து உருண்டையாக விழுங்காதீர்' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பாதி இணையத்தில் படித்தது, மீதி கோபிநாத்தின் கற்பனை. 'பத்து வருட ருசி ஆராய்ச்சி' என்று முகப்பில் போட்டுக்கொண்டதுதான் இப்போது தொண்டையில் நின்றது.

முத்தரசு போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீக தம்பி. ஆனா எழுத யாராலயும் முடியும். இந்த ஆப்பை நம்பித்தான் மதுரைக்காரன் வாயைத் தொறக்கப் போறான். எழுதுன ஆளோட நாக்கு எப்பிடின்னு நான் பாக்கணும்ல."

"ஒசாகாவுல இது எப்பிடி சார் இருக்கும்?" கோபிநாத் பேச்சை மாற்றினான்.

"ஒசாகாவா? ரயிலு ஒரு நிமிசம் பிந்தாது தம்பி. பிளாட்பாரத்துல கோடு போட்டிருக்கும். கதவு கரெக்டா அந்தக் கோட்டுல வந்து நிக்கும்."

"இல்ல சார், மீனு..."

"மீனுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கும். நீங்க எடுங்க."

ரேணுகா மீன் துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "சூரை வாங்குனா கவுச்சி அடிக்குதும்பீக. இன்னைக்கு வேகாமயே திங்கப் போறீகளாக்கும்" என்று புருஷன் காதோரம் சொல்லிவிட்டுப் போய், நிலையில் சாய்ந்து நின்றாள். நகருகிற உத்தேசம் இல்லாத நிற்பு.

"நீங்க மொதல்ல சார். விருந்தாளிய விட்டுட்டு நாம கை வைக்கிற பழக்கமில்ல."

"நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான தம்பி, எனக்குத் தெரியாதா? இது விருந்து இல்ல. பரீட்சை."

ஒரு வாரமாக உப்புச்சீடையை வைத்து, ஜப்பான்காரர்கள் சாப்பிடும் ஜோடிக் குச்சியைப் பிடிக்கப் பழகியிருந்தான் கோபிநாத். சீடை உருண்டு ஓடும், இது வழுக்கி ஓடியது. ஒருவழியாகப் பிடித்து வாயில் போட்டான்.

கரையவில்லை. கடல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவும் இல்லை. குடும்பத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை இறுக மூடினான். ரசிக்கிறான் என்று அவர் எடுத்துக்கொள்ள வசதியாகத் தலையையும் ஆட்டிவைத்தான்.

முத்தரசு நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க. வாயில வச்சதும் எப்பிடி இருக்கு?"

"வெண்ணெ மாதிரி சார்."

"கொழகொழன்னா, வழுவழுன்னா?"

"வழுவழு."

"பச்சை வாடை?"

"சுத்தமா இல்ல சார்."

"மெல்லணுமா, அதுவா எறங்குதா?"

"ரெண்டு மெல்லு மென்னாப் போதும். அதுவா எறங்கிரும்."

"கொமட்டலையே?"

குறுக்கு விசாரணை இந்தப் பக்கமாக வரும் என்று கோபிநாத் எதிர்பார்க்கவில்லை. நிலையருகே ரேணுகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொமட்டலா? இதுக்கா? டோக்கியோவுல இதுக்குன்னு வரிசை கட்டி நிப்பாக சார்."

முத்தரசு அவன் முகத்தையே பார்த்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்றுகூடப் பார்த்த மாதிரி இருந்தது. சிங்கம்புணரி மில்லும் தவிட்டுத் தூசியும் கோபிநாத்தின் கண்முன் வந்துபோயின.

"போதும் தம்பி" என்று கடைசியில் பெருமூச்சு விட்டார். "வேலை உங்களுக்குத்தான். அடுத்த வாரம் மதுரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுருங்க."

மீன் வயிற்றுக்கு இறங்குவதற்குள் கோபிநாத்தின் தலைக்கு முதலாளி ஏறிவிட்டார். சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"பச்சை மீனோட அருமை தெரிஞ்சவுக இந்த ஜில்லாவுலயே நாம ரெண்டு பேருதான் சார்" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். "ஒசாகாவ விட்டு வந்ததுலருந்து நாக்கு ஏங்கிப் போயிருக்கும். எடுத்துக்கங்க."

முத்தரசு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ரேணுகாவை ஒரு தரம் பார்த்தார், வாசலை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க இருந்த ஆறு வருசமும் நான் குக்கர்ல ரசம் வச்சுல்ல தம்பி சாப்பிட்டேன்."