முதலாம் இடத்து ஒழுங்கை

"ஐயோ, நம்மட ஜெகதீஸ்வரி மிஸ்ஸுட லேன்தான் முதலாவது!"

சொல்லிவிட்டு ஷபீகா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் மாநகர சபைக் கந்தோர் முழுக்கக் கேட்டுவிட்டது.

பிரசாந் திரையை எட்டிப் பார்த்தான். கொழும்புத் தெருக்களின் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்க அவன் செய்த வெப் அப்ளிகேஷனின் முதல் பட்டியல் அது. உத்தியோகத்தர்கள் தெருவில் நின்றபடியே போனில் பதிவார்கள். நூற்றுக்கு எவ்வளவு உடைந்திருக்கிறது என்று மார்க் விழும். கூடின மார்க் எடுத்த தெருவுக்கு முதலில் தார் கார்பெட். மாதக்கணக்காக ஃபைல் சுமந்து செய்த வேலை அரை நாளில் முடிந்திருந்தது.

பின்னேரம் பிரதம பொறியியலாளர் பதியுதீன் வருகிறார். அவர் தலையாட்டினால் அப்ளிகேஷன் நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி ஃபைல்தான். பிரசாந்தின் வேலையும் அத்தோடு சரி.

இந்த நேரம் பார்த்து முதலாம் இடத்தில் வெள்ளவத்தையில் ஒரு குச்சொழுங்கை! அங்கே குடியிருப்பவரோ, பதிவுகளைச் சரிபார்க்கும் ஜெகதீஸ்வரி மிஸ்.

"தற்செயலா இருக்கும்," என்றான் பிரசாந்.

"அப்ப ஹிஸ்டரியப் பாருங்களே," என்றாள் ஷபீகா.

பார்த்தான். மார்க் மூன்று தடவை மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர், ஜெகதீஸ்வரி. மேற்கொண்டு பார்க்க மனம் வரவில்லை. பக்கத்தை மூடிவிட்டான்.

அப்ளிகேஷன் வேண்டுமென்று மேலிடத்தோடு மல்லுக்கட்டினவரே அவர்தான். பிரசாந் சாப்பிட மறந்த நாட்களில் தன் புட்டுப் பார்சலில் பாதியைப் பிரித்துத் தருபவரும் அவர்தான். அவரா இப்படி?

நேரே அவருடைய மேசைக்குப் போனான்.

"மிஸ், உங்கட ஒழுங்கையின்ர மார்க்கை மாத்தினது நீங்களா?"

ஜெகதீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓம் தம்பி. கொஞ்சம் மெல்லக் கதையும்."

"நீங்களே இப்பிடிச் செய்தா..."

"பிழைதான். என்ன செய்யிறது, மனம் கேக்கேல்லை. பதியுதீன் சேரிட்டைச் சொல்லப்போறீரோ?"

"அவர் கேட்டா மறைக்க மாட்டன், மிஸ்."

"சரி, மறைக்க வேண்டாம்," என்று பெருமூச்சு விட்டார் ஜெகதீஸ்வரி.

பின்னேரம் பதியுதீன் வந்தார். பட்டியல் சுவரில் பெரிதாய் விழுந்தது. அவர் முதல் வரியைப் படித்தார். யாரோ இருமினார்கள்.

"இது யாருட லேன்? ஏன் எல்லாரும் நிலத்தப் பாக்கிறீங்க?"

ஜெகதீஸ்வரி எழுந்தார். "என்ட ஒழுங்கை, சேர்."

"மார்க்ல யாராவது கை வச்சீங்களா?"

"நான்தான் வைச்சனான்."

முடிந்தது கதை என்று நினைத்தான் பிரசாந்.

"பழைய மார்க்கக் காட்டுங்க, தம்பி."

ஹிஸ்டரியைத் திறந்தான். உத்தியோகத்தர் போட்டது தொண்ணூற்றெட்டு. ஜெகதீஸ்வரி மாற்றியது தொண்ணூற்றிரண்டு. பிறகு எண்பத்தைந்து. பிறகு எழுபத்தெட்டு. இரண்டாம் இடத்துத் தெருவுக்கு எழுபத்தொன்றுதான்.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஷபீகாதான் முதலில் சிரித்தாள்.

"சேர், மிஸ் கொறச்சிருக்காங்க!"

"என்னத்துக்கு மிஸ்?" என்றார் பதியுதீன்.

"என்ட ஒழுங்கை முன்னுக்கு நிண்டா சனம் என்ன கதைக்கும், சேர்? மானம் போயிடுமே. இன்னும் குறைக்கத்தான் பாத்தனான். இந்தத் தம்பியின்ர சிஸ்டம் விடேல்லை. மூண்டு தரத்துக்கு மேல எண்டா உங்கட அனுமதி வேணுமாம்."

கந்தோரே சிரிப்பில் அதிர்ந்தது. பிரசாந்துக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாய் வந்து கண் நிறைந்துவிட்டது.

பதியுதீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பழைய மார்க்கையே போடுங்க தம்பி. மிஸ்ஸாலயே கவுக்க ஏலாத அப்ளிகேஷன வேற யார் கவுக்கிற? இனி ஃபைல் வாணாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பதியுதீனுக்குத் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க. போன வருஷம் உங்கள வீட்டுல இறக்க வந்து என்ட காருட சைலன்சர் அங்கேயே கழண்டு விழுந்திச்சே. அப்பேர்ப்பட்ட லேன் இத்தன காலமும் லிஸ்ட்ல வரவே இல்லியே, அது எப்படி?"

ஜெகதீஸ்வரியின் தலை மெல்லக் குனிந்தது.

"முந்தி ஃபைல் எண்டபடியா, எங்கடதை நானே அடியில வைச்சிடுவன், சேர். எங்கட ஒழுங்கைச் சனம் கந்தோரைத்தான் திட்டும். நானும் சேர்ந்து திட்டுறனான்."