வெளிநாட்டு ஆதாரம்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையின் கண்ணாடியை உச்சி வெயில் சுடுகிறது. சட்டக் கல்லூரி மாணவர்களே நடத்தும் சர்வதேசச் சட்ட ஆய்விதழ் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. அதன் ஆசிரியர் அஜித்குமார் இந்தப் புழுக்கத்திலும் டை கட்டிக்கொண்டு, வெள்ளிமலையிலிருந்து வந்திருக்கும் ஜூனியர் கோகிலவாணியின் கட்டுரையைச் சிவப்புப் பேனாவால் கீறுகிறான். "காட்டு நெலத்துலேர்ந்து வெரட்டுனாங்கன்னு உங்கம்மா சொன்னா போதுமா? ஆதாரம் இன்னா? வெளிநாட்டுக்காரன் எழுதியிருக்கணும்மா. இல்லாட்டி நம்ம இதழ்ல வராது." "நேர்ல பாத்தது எங்கம்மாதானேண்ணா?" "பாத்தா சாட்சி. ஆதாரம் வேற." பெருந்தன்மையோடு ஒரு லண்டன் பேராசிரியரின் கட்டுரையை அவள் முன் வீசுகிறான். "இதக் காட்டி எழுது." அவன் அதைப் படித்த அடையாளமே இல்லை, தாளில் ஒரு மடிப்புகூட விழவில்லை. ஜெராக்ஸ் இயந்திரம் உறுமுகிறது. கோகிலவாணி நின்றபடியே புரட்டுகிறாள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நிற்கிறது. அடிக்குறிப்பில், எறும்பு போன்ற எழுத்தில் ஒரு வரி: நேர்காணல், தைலம்மாள், வெள்ளிமலை. "இது எங்கம்மாண்ணா." அஜித்குமார் குனிந்து பார்க்கிறான். நிமிரும்போது முகத்தில் துளிக் கூச்சமும் இல்லை. டையை மட்டும் சரிசெய்துகொள்கிறான். "பாத்தியா, இப்ப ஆதாரம் கெடச்சிடுச்சி. அந்த லண்டன்காரர் பேரப் போட்டுடு."