மணிக்கட்டில் சந்தனம்

அந்த மலை பஸ்ஸில் ஒரு டன் சந்தனக்கட்டை இருப்பதாக வனக்காவலர் தீர்த்தகிரியின் மூக்கு சத்தியமே செய்தது. சாவடியில் புளிமூட்டைகளைக் குடைந்தும் ஒரு சில்லுகூட அகப்படவில்லை.

"என் கைதான் சார் மணக்குது. சென்ட்டு!" என்றாள் பஸ்ஸில் அம்மாவோடு வந்திருந்த ஜெயசுதா. "நேரம் ஆக ஆக வாசம் மாறும். ஏறும்போது எலுமிச்சை, பாதி மலையில மல்லி, இப்ப சந்தனம்."

"கட்டையைத் தொட்ட கையும் மணக்கும்மா!"

"அப்ப மறுகையில அடிக்கறேன். மோந்துட்டே இருங்க."

"ஆலங்காயம் கோயில்ல பொண்ணு பாக்கக் காத்துனு இருக்காங்க சார். நல்ல நேரம் போய்டும்!" என்று அவளுடைய அம்மா கெஞ்சினாள். தீர்த்தகிரி அசையவில்லை.

எலுமிச்சை போய் மல்லி வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, சந்தனமே வந்தது. தீர்த்தகிரி கும்பிட்டே விட்டார்.

அம்மாவின் போன் அலறியது. ராகுகாலம் வந்துவிட்டதாம், மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்களாம்.

ஜெயசுதா குனிந்து கிசுகிசுத்தாள்: "ரொம்ப தேங்க்ஸ் சார். சீக்கிரமே வுட்டுடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்!"