எண்ணூற்றுப் பத்து

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் விலை தெரியாதவர்கள்கூட இருக்கலாம்; சிலுவைராஜின் சிபில் ஸ்கோர் தெரியாதவர் கிடையாது. மலையையே கரைக்கிற மழை பெய்தாலும், மாதம் பத்தாம் தேதி ஜிஜோவின் கம்ப்யூட்டர் சென்டரில் வந்து நின்றுவிடுவார்.

"என்ன மாமா, மூணாறை மொத்தமா வெலைக்கு வாங்கப் போறீயளோ?"

"வாயாடாம ரிப்போர்ட்ட எடுலே. ஷைனி தவணை கட்டிட்டாளான்னு பாரு."

அவர் பெயரில் இருந்தது ஒரே ஒரு கடன்தான். மகள் ஷைனியின் நர்சிங் படிப்புக்கு அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது.

"ஜெர்மனியில இருக்கவகிட்டயே கேக்கலாம்ல?"

"அவளுக்கு ஆயிரம் வேலை கெடக்கும்."

திரை திறப்பதற்குள் நாலு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். ஜிஜோ மேசையைத் தட்டினான்.

"மாமா! மிச்சத்தையும் மொத்தமா அடைச்சிட்டா. லோன் குளோஸ்! ஸ்கோர் எண்ணூத்திப் பத்து!"

அங்கிருந்தவர்கள் கைதட்டியது தேனிவரைக்கும் கேட்டிருக்கும். சிலுவைராஜ் மட்டும் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

"அப்ப அடுத்த மாசம் இதுல என்னலே வரும்?"

"ஒண்ணும் வராது. அதான் முடிஞ்சுபோச்சே! மொதல்ல ஷைனிக்குப் போனைப் போடுங்க."

"நம்பர் கெடையாதுலே. ஜெர்மனின்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டாளேன்னு நாலு வருஷம் முன்ன நாந்தான் அடிச்சு வெரட்டுனேன். எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. மாசாமாசம் தவணை விழுந்திருக்கிறதப் பாத்துத்தான், எம்புள்ள உசுரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."