உள்ளங்கைச் சாவி

நொச்சிக்குப்பத்து மீன்கடைகளுக்கு நடுவே, காலை வெயிலில், ஜான்சன் வலிப்பு வந்து கிடக்கிறான். கைகால் வெட்டி இழுக்கிறது. தட்டிலிருந்து சிதறிய சங்கரா மீன்கள் ஐஸ் தண்ணீரில் சிவப்பாக மின்னுகின்றன. "இரும்பு குடுங்கப்பா" என்று யாரோ கத்த, பக்கத்துக் கடை ரங்கன் தன் பைக் சாவியை அவன் கைக்குள் திணிக்கிறார். மனைவி லூர்துமேரி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்து நுரையை முந்தானையால் துடைக்கிறாள். "மூளைல கட்டி கீதுண்ணா. சாவிக்கு இன்னா தெரியும்?" மெல்ல உடம்பு அடங்குகிறது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுச்சு" என்கிறார் ரங்கன், பெருமையாக. "அது தானா நிக்கும்ணா! ஒழுங்கா மாத்திரை போட்டா இவ்ளோ தூரம் வராதுன்னு டாக்டர் தலபாடா அட்ச்சிக்கினாரு." பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சட்டைப்பையைத் துழாவுகிறாள். விடிகாலையில் அவள் கொடுத்த மாத்திரை, தூக்கம் வருமென்று அவன் விழுங்காமல் ஒளித்து வைத்தது, வியர்வையில் கரைந்து அவள் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. ஜான்சன் கண் திறக்கிறான். "இது இன்னாய்யா?" என்று அவள் விரலை நீட்டுகிறாள். அவன் அதைப் பார்க்கவில்லை. "சாவிய எடுத்துடாதீங்கண்ணா" என்று ரங்கனிடம் குழறிவிட்டு, உள்ளங்கையை இறுக மூடிக்கொள்கிறான்.