ஓரத்தில் வெளுக்கும் டி.வி.

"வந்து முழுசா ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள என் மானத்தை வாங்கிடுச்சு இந்த டி.வி." என்றாள் வீட்டுக்காரி.

அவள் புருஷன் அமைதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் தெருவே அவருக்கு வைத்த பெயர் அது. சொந்த வீட்டில் அவர் அமைதியாக இருப்பதற்குக் காரணம் வேறு.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வந்திருந்தாள். ஒரே அறை வீடு. டி.வி.க்கு நேரே இருந்த கட்டிலில் பிள்ளைகள் ஏறிக்கொள்ள, அக்காவுக்குக் கிடைத்தது கதவோரத்து நாற்காலி. அங்கிருந்து பார்த்துவிட்டு, "என்னடி, உன் டி.வி.யில எல்லாருக்கும் ரத்தசோகையா?" என்று கேட்டுவிட்டாள். இந்த ஞாயிறு அவள் குடும்பத்தோடு மறுபடி வருகிறாள்.

அதற்குள் டி.வி. மாற வேண்டும். மாறாவிட்டால், அக்கா இங்கே வருகிற நேரத்தில் தான் அம்மா வீட்டில் இருப்பேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது சாதா எல்.ஈ.டி. அண்ணே. பின்னாடி எப்பவும் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னாடி இருக்குற திரை அந்த வெளிச்சத்தை மறைச்சு மறைச்சுப் படம் காட்டுது. நேரா பார்த்தா பரவாயில்லை. ஓரமா பார்த்தா வெளுத்துடும்."

"க்யூ.எல்.ஈ.டி.ன்னு ஒண்ணு சொல்றாங்களே?" என்றாள் வீட்டுக்காரி.

"அதுக்கும் விளக்கு பின்னாடிதான் அண்ணி. கலர் மட்டும் தூக்கலா இருக்கும். வெயில் அடிக்கிற ரூமுக்கு நல்லது. உங்க ரூமுக்கு ஓ.எல்.ஈ.டி.தான் சரி. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். எந்த மூலையில உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி தெரியும். இருட்டைக் காட்டினா நிஜ இருட்டு."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அமைதி நிமிர்ந்தார். இருட்டு என்றால் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

"கனம் எப்படி?" என்று கேட்டார்.

"கனம் பெரிசா இல்லை. ஆனா அட்டை மாதிரி மெலிசு. ஒரு ஆள் தூக்கினா வளைஞ்சு உடைஞ்சிடும். ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நிமிர்த்திப் பிடிச்சு மெதுவா எடுக்கணும். ஏன், கடையிலயே மாத்திக் கேளுங்களேன். பில் இருக்குல்ல?"

"பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை," என்றாள் வீட்டுக்காரி. "ரிமோட்டைக்கூட விட்டுட்டு வந்த மனுஷன் இவரு. சேனல் மாத்தணும்னா நான் எழுந்து போய் அதோட முதுகைத் தடவணும்."

"அவசரத்துல கண்ணுல படலை," என்று முனகினார் அமைதி.

அப்போது வாசலில் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு அமைதியின் மச்சான் உள்ளே வந்தான்.

"மாமா, அங்க ஓ.எல்.ஈ.டி. வந்திருக்கு. போன வாரம் நானே என் வண்டியிலதான் கொண்டுபோய் இறக்கினேன். மத்தியானமா போனா ஒரு தொந்தரவும் இருக்காது."

"அப்ப இதை அங்கயே குடுத்துட்டு அதை எடுத்துட்டு வாங்க," என்றாள் வீட்டுக்காரி.

"எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோற பழக்கம் எனக்கு இல்லை. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"ரெண்டையும் வச்சுக்கிட்டா நாம எங்க படுக்குறது? ஒண்ணைக் குடுத்து ஒண்ணை எடுத்தா அதுல ஒரு நியாயமும் இருக்கு."

டி.வி.யின் கீழ் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கொண்டுவந்த அன்றே விழுந்தது. வீட்டுக்காரி ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்து, கீறல்மேல் கறுப்பைப் பூசி, பழைய துணியால் ஒரு தேய் தேய்த்தாள். கீறல் போன இடம் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் சட்டென்று எழுந்துவிட்டார்.

"அண்ணே, இது மோசடி. பூசி மெழுகி, பில்லும் இல்லாம, கடைக்காரன் தலையில கட்டப் பார்க்குறீங்க. மாட்டினா உள்ள தள்ளிடுவாங்க."

"சத்தியமா சொல்றேன் தம்பி, இந்த வயசு வரைக்கும் ஒரு கடைக்காரனையும் நான் ஏமாத்தினதில்லை."

மெக்கானிக் நம்பவில்லை. "நான் இங்க வரவும் இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டி.வி.யைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். வீட்டுக்காரி வாசல்வரை வந்தாள்.

"இந்தத் தடவையும் ரிமோட்டை விட்டுட்டு வந்தீங்கன்னா, மறுபடியும் உங்களைத்தான் அனுப்புவேன்."

வண்டி பெரிய தெருவைத் தாண்டி, மரநிழல் விழுந்த ஒரு சந்துக்குள் திரும்பி நின்றது. அமைதி இறங்குவதற்கு முன் சந்தின் இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்தார். போன இடத்துக்கே இரண்டாம் முறை போவது அவர் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. ஏதாவது கோணல்மாணலாக நடந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அக்கா வரும்போது டி.வி. மட்டுமல்ல, வீட்டுக்காரரும் இருக்கமாட்டார்.

செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் பயமெல்லாம் போய், கோபம்தான் வந்தது.

போன மாதம் இந்த டி.வி.யை வெளியே இழுப்பதற்காக அவர் நெளித்துவிட்டுப் போன ஜன்னல் கம்பியை நிமிர்த்தக்கூட நேரமில்லாமல், அந்த வீட்டுக்காரர்கள் அதே சுவரில் புது டி.வி.யை மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.